தோட்டா அறைக்கும் ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும்

லண்டனுக்கு வெளியிலோ ரொறன்ரோவுக்கு வடக்கிலோ களிமண் தட்டுச் சுடும் கழகம் ஒன்றில், தென்மராட்சிப் பிள்ளை ஒருவர் சனி ஞாயிறு வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டு எறியும் இயந்திரத்தை நிரப்புவது, புள்ளி குறிப்பது, வந்தவர்களுக்குக் காதடைப்பான் எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். அதைச் செய்ய ஆளும் கிடைக்கும். கழகத்துக்காரர் தேடி அலைவது வேறு ஒருவரை. அறையில் எந்தத் தோட்டா எத்தனை இருக்கிறது, அது எத்தனை கிழமைக்குக் காணும், அடுத்ததை எப்போது சொல்லிவைக்க வேண்டும் என்று கொப்பியைத் திறந்து ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடியவர்தான் அவர். அந்த இடத்துக்குப் போக விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். பொழுதுபோக்காகச் சுடப்போய், பிறகு வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தொடங்கும் ஆட்களுக்கும் பாதி பயன்படும். கொடிகாமத்தில் இருந்தபடி வாசிக்கிறவர்களுக்குச் சட்டப் பகுதியும் கடைசிப் பகுதியும் போதும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு நாலு வரி. தட்டு 110 மில்லிமீற்றர் அகலம், எடை 105 கிராம் அளவு. பெயரில்தான் களிமண். உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்த்தது. இயந்திரம் அதை வானத்தில் எறியும். இரட்டைக்குழல் துவக்கில் இருந்து பாயும் சன்னங்களில் இரண்டு மூன்றாவது பட்டு அது உடைய வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் தகுதிச் சுற்றுக்கு மட்டும் 125 தட்டு, தட்டு ஒன்றுக்கு இரண்டு வெடி வைக்கலாம். ஆகவே ஒருவர் 250 தோட்டாவோடுதான் மைதானத்துக்குப் போவார். ஸ்கீற் போட்டியில் தட்டுக்கு ஒரு வெடிதான்.

தமிழர்களில் இந்த விளையாட்டில் உயரம் போனவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 இல், கினன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து ட்ராப் அணித் தங்கம் வென்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். இந்திய வீரர்களுக்கு நல்ல துவக்கு வாங்குவதைவிட நல்ல தோட்டா தொடர்ந்து கிடைப்பதுதான் பெரிய தலையிடி. பூனேக்குப் பக்கத்தில் கட்கி வெடிபொருள் தொழிற்சாலையில் ‘சக்திமான்’ என்ற பெயரில் 12 போர் தோட்டா செய்கிறார்கள். ஆனால் உலகப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் இறக்குமதித் தோட்டாவையே நம்பியிருக்கிறார்கள். கப்பல் பிந்தினால் பயிற்சியும் பிந்தும். பணமும் பெயரும் உள்ளவர்களுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு சிறு கழகத்தின் தோட்டா அறை எப்படி ஓட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் முதலில், விலை பிறகு

கொடிகாமத்தில் இதெல்லாம் வாங்கி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். இலங்கையில் துவக்கும் தோட்டாவும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வெடிமருந்துக்கு 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் தனியாக இருக்கிறது. ஒரு காலத்தில் பன்றிக்கும் குரங்குக்கும் என்று அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்த கமக்காரர் எங்கள் பக்கமும் இருந்தார்கள். எண்பதுகளில் ஆயுத இயக்கங்கள் அவற்றை வீடு வீடாகச் சேர்த்துக்கொண்டு போன கதை ஊரறிந்தது. அதன்பிறகு நடந்தவையும் தெரியும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக மண்ணை வறண்டியால் இழுத்துத் தேடிய பிரதேசம் இது. இங்கே ஒரு பொலிஸ்காரர் உங்கள் வீட்டுத் தோட்டாப் பெட்டியை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க மாட்டார்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. சொட்கன் சான்றிதழ் இல்லாமல் சன்னத் தோட்டா வாங்க முடியாது. கடைக்காரர் கேட்பார், காட்ட வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும், பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தரும். சான்றிதழ் இல்லாத புதியவரும் பொலிஸ் அனுமதி பெற்ற மைதானத்தில் அங்குள்ள துவக்கை வைத்துத் தட்டுச் சுடலாம். ஆனால் மிஞ்சிய தோட்டாவைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. வேலைக்குச் சேர்கிறவர் இந்த வித்தியாசத்தை முதல் நாளே மனதில் பதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சுடவந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் “அண்ணை, மிச்சம் இருக்கிற பெட்டியை நான் கொண்டு போறன்” என்று சொல்லும்போது மறுக்க வேண்டியவர் நீங்கள்தான். அவர் சொந்தக்காரராக இருந்தாலும் மறுக்க வேண்டும்.

கனடாவில் சுடுகலன் பாதுகாப்புப் பாடம் படித்து, சோதனை எழுதி, ‘பால்’ என்று எல்லாரும் சொல்லும் உரிமத்தை எடுத்தால்தான் தோட்டா வாங்கலாம். அதுவும் 5 ஆண்டுக்குத்தான். நோர்வே, ஜேர்மனி, சுவிஸ் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. வீட்டில் எவ்வளவு வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு எத்தனை வைக்கலாம் என்பதையும் அந்தந்த நாட்டு விதியில்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பலரும் பின்பற்றும் தீத்தடுப்பு நியமம், ஒரு குடியிருப்பில் புகையற்ற மருந்து 20 இறாத்தல், கேப்பு 10,000 என்று சாதாரண வைப்புக்கு எல்லை போடுகிறது. அதைத் தாண்டினால் தடித்த மரப்பெட்டி, தனி ஏற்பாடு என்று போகும். இணையத்தில் அமெரிக்கர் ஒருவர் தன் நிலவறை நிறையச் சாமானைக் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்காபரோ அடுக்குமாடியில் அதையே செய்யப்போகிறவர்களுக்கு இந்த ஒரு பந்தியாவது உதவட்டும்.

எவ்வளவு வாங்குவது?

பயத்தில் வாங்காதீர்கள், சுட்ட கணக்கில் வாங்குங்கள். தோட்டா அறையில் உங்கள் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

தனியாள் கணக்கு எளிது. கிழமைக்கு 100 தட்டுச் சுடுகிறவருக்கு ஆண்டுக்கு 5,200 தோட்டா வேண்டும். தோட்டா 25 கொண்ட சிறு பெட்டியாக வரும். அப்படிப் பத்துச் சேர்ந்தால் 250. பிரித்தானியாவில் பெரும்பாலும் அந்தக் கட்டாகவோ, ஆயிரமாகவோ விற்பார்கள். ஒரு தோட்டாவில் 28 கிராம் சன்னம் என்றால் ஆயிரத்தில் ஈயம் மட்டும் 28 கிலோ. பிளாஸ்ரிக், பித்தளை, மருந்து எல்லாம் அதற்கு மேலே. சேர்த்துவைக்கும் ஆசையில் மெல்லிய பலகைத் தட்டில் ஐயாயிரத்தை அடுக்கி, விடிய எழும்பிப் பார்க்கத் தட்டு முறிந்து கிடக்கும் வீடுகள் உண்டு. கனமானவை நிலத்தோடு இருக்கட்டும்.

கழகக் கணக்கில் இன்னும் இரண்டு எண் சேரும். கடந்த 12 கிழமையில் எவ்வளவு போனது என்று கூட்டி, கிழமைச் சராசரியை எடுங்கள். சொல்லிவைத்த நாளில் இருந்து சாமான் வந்து சேர எத்தனை கிழமை பிடிக்கிறது என்று முதலாளியிடம் கேட்காமல், பழைய பற்றுச்சீட்டுகளைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். முதலாளிமார் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் நாலு கிழமைக்கான கையிருப்பு. கிழமைக்கு 3,000 போகிறது, வந்துசேர 2 கிழமை எடுக்கிறது என்றால், அறையில் 18,000 ஆகக் குறையும் நாளில் அடுத்த ஓடரைப் போட வேண்டும். ஓடர் போடும் புள்ளியை ஒரு அட்டையில் எழுதி அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கோடையில் சுடுகிறவர் கூடுவார்கள், பனிக்காலத்தில் குறைவார்கள். எனவே அந்த எண்ணை ஆண்டுக்கு இரண்டு தரமாவது மாற்ற வேண்டியிருக்கும்.

இனி, தட்டுப்பாடு. அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்த விதங்களைப் பார்க்கலாம். 2020 இல் பெருந்தொற்றோடு அமெரிக்காவில் துவக்கு வாங்கப் புதிதாக ஆட்கள் குவிந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்ரன் நிறுவனம் வங்குரோத்துக்குப் போனது. கடைத் தட்டுகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. 2022 இல் உக்ரெயின் போர். பீரங்கிக் குண்டுக்கும் விளையாட்டுத் தோட்டாவுக்கும் மருந்தின் அடிப்படை ஒன்றுதான்: நைத்திரோசெலுலோசு. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சில் இருந்து அதைச் செய்கிறார்கள், அந்தப் பஞ்சுக்கு ஐரோப்பா பெருமளவில் சீனாவை நம்பியிருக்கிறது. பீரங்கிக்காரர் முன்வரிசையில் நின்றபோது தட்டுச் சுடுகிறவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். அமெரிக்காவில் வீட்டில் நிரப்புகிறவர்களின் பழைய நம்பிக்கையான அலையன்ற் மருந்துக் கம்பனி 2024 இல் மூலப்பொருள் இல்லை என்று அனுப்புவதையே நிறுத்திவைத்தது.

இந்தச் செய்திகளைக் கேட்டதும் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளத் தோன்றும். எங்கள் ஊரவர்களுக்கு இதில் அனுபவம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்தபோது சாவகச்சேரி, கொடிகாமம் கடைகளில் எது முதலில் முடிந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1990 இல் இருந்தே பொருளாதாரத் தடை. பற்றரி, மண்ணெண்ணெய், யூரியா எல்லாம் வெளியில் இருந்து வரவேண்டியவை, அவற்றில் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தவர் கெட்டிக்காரர். தேங்காயை யாரும் பதுக்கவில்லை. அது வளவிலேயே விழுந்துகொண்டிருந்தது.

தோட்டாவுக்கும் அதே கணக்குத்தான். ஒரு தோட்டாவில் ஐந்து பாகம்: வெளிக் கோது, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, அதற்கு மேல் தக்கை, தக்கைக்கு மேல் சன்னம். கோது மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கும், கூட்டி அள்ளலாம். சன்னத்தையும் தக்கையையும் பல சிறு உற்பத்தியாளர் செய்கிறார்கள். கேப்பையும் மருந்தையும் செய்வது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள், இவைதான் முதலில் மறையும். ஆகவே கையில் கொஞ்சப் பணம் இருந்தால் முதலில் கேப்பு, பிறகு மருந்து, அதன் பிறகு தக்கை. கோதுக்குக் காசு கொடுத்தால் உங்கள் பணம் வீண்.

நிரப்பாமல் கடைத் தோட்டாவையே வாங்குகிறவர் ஒரே ரகத்தில் நிற்பது நல்லது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தைப் பாருங்கள். முதலில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டு, உங்கள் துவக்கில் ஒழுங்காக வேலை செய்கிறதா, கோது இறுகாமல் வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு அதே தொகுதியில் மிச்சத்தை எடுங்கள். வாங்கும் முன் நீங்கள் சுடும் மைதானத்தின் விதியையும் கேளுங்கள். பிரித்தானியாவில் பல மைதானங்கள் பிளாஸ்ரிக் தக்கையை விடுவதில்லை. நிலத்துக்காரர் மாடு மேய்க்கிறவர், பிளாஸ்ரிக் வயலில் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. நார்த் தக்கைதான் வேண்டும் என்பார்கள். உள்ளூர்ப் போட்டிக்கு 28 கிராம் வரை, ஒலிம்பிக் வகைப் போட்டிக்கு 24 கிராம். இது தெரியாமல் மலிவு விலைக்கு 28 கிராமில் ஐயாயிரம் வாங்கிவிட்டு, மகளை ஒலிம்பிக் ட்ராப் பயிற்சிக்குச் சேர்க்கும் தகப்பன்மார் பிறகு அதை யாருக்கு விற்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

இன்னொன்று. 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு ஈயச் சன்னத்தைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது, மாறிக்கொள்ள 3 ஆண்டு கால அவகாசத்தோடு. ஈயம் பறவைகளுக்கும் நீருக்கும் நஞ்சு என்பதே காரணம். இந்த நிலையில் ஈயத் தோட்டாவைப் பத்து வருடத்துக்கு என்று வாங்கி அடுக்குவது புத்தியல்ல. இருக்கும் துவக்கு உருக்குச் சன்னத்தைத் தாங்குமா என்று துவக்குக் கம்மியரிடம் இப்போதே காட்டிவைப்பது புத்தி. பழைய இரட்டைக்குழல் சிலவற்றுக்கு அது ஆகாது.

அறைக்குள்

தோட்டா அறை உலர்ந்ததாக, சூடேறாததாக, பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கொதிகலன் இருக்கும் அறை, வெயில் அடிக்கும் தகரக் கொட்டில், காரின் பின்பெட்டி, இவை மூன்றும் ஆகாது. நல்லபடி வைத்த கடைத் தோட்டா பல ஆண்டு கெடாது, ஈரம் பட்டால்தான் அடிப்பித்தளையில் பச்சை பூக்கும். முதலில் வந்தது முதலில் போகட்டும். புதுப் பெட்டியை முன்னுக்கு வைப்பது சோம்பேறி வேலை.

அறையில் ஒரு விடயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பெட்டிக்குள், ஒரே பைக்குள், ஒரே மேசையில் கலக்கக் கூடாது. இலக்கம் கூடினாலும் அளவில் சிறியதான 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி உள்ளே போய்ச் சற்று முன்னால் சிக்கி நிற்கும். சுடுகிறவர் குழலைத் திறந்து பார்ப்பார், இடம் வெறுமையாகத் தெரியும். வெடிக்கவில்லை என்று நினைத்து 12 போர் ஒன்றைப் பின்னால் போட்டு விசையை அழுத்தினால் குழல் வெடித்து இடது கையைப் பறித்துவிடும். இதற்காகத்தான் 20 போர் கோதை மஞ்சளில் செய்வது வழக்கமாக இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகளின் மேற்சட்டைப் பையை நீங்களே ஒருதரம் தடவிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கேப்பும் மருந்தும் வைப்பதில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும். எங்களுக்கு எதையும் ஜாம் போத்தலில் போட்டு மூடி வைத்தால்தான் திருப்தி. தடைக்காலத்தில் அந்தப் போத்தலே விளக்காகவும் எரிந்தது. கேப்பைப் போத்தலில் கொட்டி வைக்கவே கூடாது. ஒவ்வொரு கேப்பையும் பிரித்துப் பிரித்து அடுக்கிய தட்டில் ஆலைக்காரன் விற்பதற்குக் காரணம், ஒன்று வெடித்தால் அடுத்தது சேர்ந்து வெடிக்கக் கூடாது என்பதுதான். போத்தலில் குவிந்து கிடந்து, ஒன்று உரசிப் பற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும், கண்ணாடியும் சேர்ந்து பறக்கும். மருந்தும் வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் அழுத்தம் ஏறுமுன் பிய்ந்து திறந்துகொள்ளும்படி அந்த டப்பாவை மெல்லிதாகச் செய்திருக்கிறார்கள். அதைத் தடித்த இரும்புப் பேழைக்குள் வைத்து இறுக்கிப் பூட்டினால் நீங்களே ஒரு குண்டு செய்ததாக ஆகும். பெயர்ச்சீட்டுக் கிழிந்துபோன டப்பாவில் உள்ள மருந்து என்ன மருந்து என்று ஊகிக்காதீர்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது இனி நிரப்பப் பயன்படாது. கேப்பு ஒரு பக்கம், மருந்து வேறு பக்கம்.

நிரப்பும் மேசையில்

வீட்டில் தோட்டா நிரப்பினால் காசு மிஞ்சுமா? 12 போரில் பெரிதாக மிஞ்சாது. ஆலைகள் அதைக் கோடிக்கணக்கில் செய்து மலிவாக விற்கின்றன. 28 போர், நாலுபத்து என்று சொல்லும் சிறு துவக்குகளுக்குக் கடைத் தோட்டா விலை கூடியது, அங்கே மிஞ்சும். தட்டுப்பாட்டு நாளில் தொடர்ந்து சுட முடிவதும், மெல்லிய உதைப்புள்ள தோட்டாவைப் பிள்ளைகளுக்கென்று செய்ய முடிவதும் வேறு இலாபங்கள். நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். அது ஒரு பைத்தியம். நல்ல பைத்தியம்தான்.

வாங்கும் கணக்கு இறாத்தலிலும் அவுன்சிலும் அழகாக வந்து பொருந்தும். சன்னப் பை 25 இறாத்தல். தோட்டா ஒன்றுக்கு ஒரு அவுன்ஸ் என்றால் 400 தோட்டா. மருந்து ஒரு இறாத்தல் என்பது 7,000 கிறெயின். மருந்துக் கம்பனியின் அட்டவணை உங்கள் சேர்மானத்துக்கு 17.5 கிறெயின் என்று சொன்னால், அதுவும் 400. ஆகச் சன்னம் ஒரு பை, மருந்து ஒரு இறாத்தல், கேப்பு 400, தக்கை 400. இந்த 17.5 கணக்குக் காட்டவென்று எடுத்த எண், அப்படியே போட்டு நிரப்பக் கூடாது. கோது, கேப்பு, மருந்து, தக்கை நாலும் அட்டவணையில் எழுதியபடி அச்சொட்டாக இருக்க வேண்டும். கடையில் அந்தக் கேப்பு இல்லை என்று வேறு கேப்பை மாற்றினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே ஒன்றுபோல இருக்கும் இரண்டு கோதுகளின் உட்சுவர் ஒன்றில் நேராகவும் மற்றதில் சரிவாகவும் இருக்கும், உள்ளிடம் வேறு. ஆகவே சேர்த்து வைக்கும்போதே சேர்மானமாக வாங்குங்கள். ஐந்து வகை மருந்தில் அரை அரை இறாத்தல் வைத்திருப்பவரிடம் உண்மையில் ஒன்றும் இல்லை.

பலரும் தொடங்குவது அமெரிக்காவின் மெக் கம்பனி செய்யும் 600 ஜூனியர் பொறியில். கைப்பிடியை ஒவ்வொரு தரம் இழுக்கும்போதும் ஒரு வேலை நடக்கும். பழைய கேப்பு கீழே விழும், கோது நேராகும், புதுக் கேப்பு ஏறும். அடுத்த இழுப்பில் மருந்து விழும். தக்கையை விரலால் வைத்து அழுத்த வேண்டும், பிறகு சன்னம் மழைபோலக் கொட்டும் சத்தம். கடைசியாகக் கோதின் வாய் ஆறு அல்லது எட்டு மடிப்பாகப் பூப்போல உள்ளே மடியும். மடிப்பின் நடுவில் ஓட்டை தெரிந்தால் சன்னம் கூடிவிட்டது, அல்லது தக்கை சரியாக இறங்கவில்லை. வாய் வெடித்த கோதை எறிந்துவிடுங்கள். பொறி எவ்வளவு மருந்து போடுகிறது என்று அதில் அடித்திருக்கும் இலக்கத்தை நம்பாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள், தொடங்கும்போதும் இடையிடையேயும். மேசையில் ஒரு நேரம் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால், கையில் இருக்கும் கோதை முடித்துவிட்டு எழும்புங்கள். இல்லாவிட்டால் அதில் மருந்து போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தோடு திரும்பி வருவீர்கள். இரண்டு தரம் போட்டால் துவக்குப் போகும், போடாமல் விட்டால் தக்கை குழலில் சிக்கும், அதற்குப் பின்னால் வைக்கும் அடுத்த வெடி குழலை ஊதும்.

ஈயம் கையால் வாய்க்குப் போகும். நிரப்பும் மேசையில் தேத்தண்ணி, வடை, சிகரெட் எதுவும் வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். எரிந்த கேப்பு விழும் தட்டில் இருக்கும் கரியிலும் ஈயம் உண்டு. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்த அறைக்குள் வரக் கூடாது. சிந்திய மருந்தைத் தூசுறிஞ்சியால் இழுக்காதீர்கள், தூரிகையால் கூட்டி அள்ளுங்கள்.

கொப்பியும் வேலையும்

இனி வேலைக்கு வருவோம். தோட்டா அறைக்குப் பொறுப்பாக இருப்பவரின் ஆயுதம் ஒரு கொப்பி. கணினியில் வைத்தாலும் சரிதான், ஆனால் தாளிலும் ஒன்று இருக்கட்டும். வந்த திகதி, விற்றவர், ரகம், தொகுதி இலக்கம், எண்ணிக்கை. போன திகதி, யாருக்கு, எந்தச் சான்றிதழ், எத்தனை. கிழமை முடிவில் எண்ணிப் பார்த்து இரண்டும் ஒத்துவருகிறதா என்று குறி போட வேண்டும். ஒரு பெட்டி குறைந்தாலும் அன்றே பொறுப்பாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தோட்டா காணாமல் போனால் கணக்குக் கேட்டு வருவது பொலிஸ். ஆலைக்காரன் ஒரு தொகுதியைத் திருப்பி அழைத்தால், அந்தத் தொகுதியை வாங்கியவர் யார் யார் என்று பத்து நிமிடத்தில் தொலைபேசி எடுக்கக்கூடிய ஆளுக்குக் கழகம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சேரும்போது கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தோட்டா விற்கும் உரிமம் யாருடைய பெயரில் இருக்கிறது, அதன் கீழ் உங்கள் கைக்கு எதுவரை அதிகாரம்? முதலாளி விடுமுறையில் போன நாளில் சாவியை உங்களிடம் தந்துவிட்டு “எல்லாம் நீ பார்” என்றால், சட்டம் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். வேலையை விட இந்தக் கேள்வி பெரிது, குறிப்பாக விசாவில் இருப்பவருக்கு.

மேலே போக வழி உண்டு. பிரித்தானியாவில் களிமண் புறாச் சுடுதல் சங்கம் 1928 இல் தொடங்கியது, பிஸ்லியில் அதன் தலைமையகம். பாதுகாப்பு அதிகாரி, நடுவர், பயிற்றுநர் என்று தகுதிகளை அது வழங்குகிறது. ஒன்றாரியோவில் ரொறன்ரோவுக்கு வடக்கே குக்ஸ்ரவுனில் உள்ள ட்ராப், ஸ்கீற் மைதானத்தில்தான் 2015 பான் அமெரிக்க விளையாட்டின் சன்னத் துவக்குப் போட்டிகள் நடந்தன. அப்படிப்பட்ட இடங்களில் பெரிய போட்டி வரும் நாட்களில் சரக்கு, எடை பார்த்தல், பதிவு என்று கை தேவைப்படும். தன்னார்வமாகப் போய் நில்லுங்கள். இந்த உலகம் சிறியது, முகம் பழக்கமானால் வேலை தானே வரும். தமிழர் குறைவாக உள்ள இடம் என்பதால் ஒதுங்கி நிற்காதீர்கள். தட்டு உடைந்தால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் கைதட்டுவார்கள்.

விமானத்தில்

போட்டிக்கு வெளிநாடு போகிறவருக்கு விமான விதி தோட்டாவுக்குத் தலைக்கு 5 கிலோ என்று எல்லை வைக்கிறது. விமானக் கம்பனியின் முன் அனுமதியோடு, சரக்கில் போடும் பெட்டியில் மட்டும். பெட்டி அட்டை எல்லாம் சேர்த்து 5 கிலோ என்றால் நூறு சொச்சம் தோட்டாதான். ட்ராப் தகுதிச் சுற்றுக்கே 250 வேண்டும். அதனால்தான் பெரிய போட்டிகளில் மைதானத்திலேயே விற்பனைக்கு ஏற்பாடு செய்கிறார்கள், அணிகள் மாதங்களுக்கு முன்னரே தங்கள் ரகத்தைச் சொல்லிவைக்கின்றன. அணிக்குச் சரக்குப் பார்ப்பவர் பயணச்சீட்டு வாங்கும் அதே நாளில் அந்த மின்னஞ்சலையும் அனுப்பிவிட வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ ஊருக்கு வருகிறவர்கள் புறப்பட முன் சுடப்போன மேற்சட்டை, முதுகுப்பை, காரில் கிடக்கும் தொப்பி எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். பையின் தையல் ஓரத்தில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கும். கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ ஊடுகதிர்த் திரையில் அது பளிச்சென்று தெரியும். சென்னை வழியாக வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்திய விமான நிலையங்களில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காகப் பயணிகள் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வரும். சுடப்போகும் பையை வேறு எதற்கும் பாவிக்காமல் தனியாக வைத்திருப்பதே வழி. கொடிகாமத்தில் இருக்கும் மருமகனுக்குக் காட்டவென்று வெற்றுக் கோதைக்கூடக் கொண்டுவர வேண்டாம். அவனுக்குச் சொக்லேற் போதும்.